உயிரோடு இருக்கிறேன், இன்னும் பிறக்கவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஒருவன் நலமாக இருக்க வேண்டுமென்றால் முதலில் அவன் பிறந்திருக்க வேண்டும். அந்த விஷயம் இங்கே இன்னும் முடிவாகவில்லை.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, நீ பொறந்தத நீ பாத்தியா?" நான், "பாத்தேனே, முதல் வரிசையில உக்காந்து பாத்தேன்" என்றேன். நீ கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டாய். அந்தக் கேள்வியை ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற நாளில் என்னைப் பேசச் சொன்னபோதும் அதைத்தான் சொன்னேன். இப்போது நீ இருக்கும் நாட்டின் குடியேற்ற அலுவலகம், முத்திரை குத்திய உறையில் அதே கேள்வியை எனக்கு அனுப்பியிருக்கிறது. நீயாவது தட்டைத் தள்ளினாய். அவர்கள் என் விண்ணப்பத்தையே தள்ளியிருக்கிறார்கள்.

இதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், உன் அம்மா குறுக்கே புகுந்து தன் பெருமையை அளப்பாள், எனக்கு மூச்சு வாங்கும். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படி. நான் நிதானமாக எழுதப் போவதில்லை.

விஷயம் இதுதான். பாஸ்போர்ட்டில் போட்டிருக்கும் பிறந்த தேதி போதாதாம். பள்ளிக்கூடச் சான்றிதழும் தனியாகச் செல்லாதாம், ஏனென்றால் அது வீட்டில் சொன்னதைக் கேட்டு எழுதியதாம். எத்தனை பிள்ளைகளின் சான்றிதழில் என் கையெழுத்து இருக்கிறது, அந்தப் பிள்ளைகளெல்லாம் அதைக் காட்டி எங்கெங்கோ போய் வேலை பார்க்கிறார்கள், என் கையெழுத்தால் ஊரெல்லாம் பிறந்திருக்கிறது, நான் மட்டும் பிறக்கவில்லை! பிறப்புப் பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால், இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதோடு நான் பிறந்தபோது உடனிருந்த, என்னைவிட வயதில் மூத்த நெருங்கிய உறவினர் ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதம் நேர்காணல். அதற்குள் நான் பிறந்தாக வேண்டும். இல்லையென்றால் உன் அம்மா விமானம் ஏறுவாள், நான் கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தனியாக அடுப்பைப் பற்றவைப்பேன்.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அவளிடம் சான்றிதழ் இருக்கிறது. அதைக் கண்ணாடிக் காகிதத்தில் போட்டு வைத்திருக்கிறாள், தொட்டால் கையைக் கழுவிவிட்டு வா என்கிறாள். இந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. "நாங்கல்லாம் டாக்டர் முன்னாடி பொறந்தவங்க. உங்கள மாதிரி யாருக்கும் சொல்லாம கொள்ளாம வந்து விழல" என்கிறாள். நான் வீட்டில் பிறந்தேன், அது என் தப்பா? பதிவு செய்ய வேண்டியவர் என் அப்பா. அவர் லாரியை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தபோது நான் தொட்டிலில் கிடந்து வீடு அதிர அழுதுகொண்டிருந்தேனாம். இதற்கு மேல் என்ன பதிவு வேண்டியிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

சரி, பதிவு இல்லை என்று எழுதி வாங்கிவிடுவோம், இல்லாத ஒன்றை இல்லை என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். நீள வராந்தா, கடைசி அறை, சுவரெல்லாம் ஈரம் பூத்து உப்பு உதிர்கிறது. கவுன்ட்டரில் ஒரு எழுத்தர். அவருக்கு அங்கே 'நாளைக்கு' என்று பெயர், ஏனென்றால் அவர் வாயில் முதலில் வரும் சொல் அதுதான். நான் போன அன்று என் நரைத்த தலையைப் பார்த்து இரக்கப்பட்டு இன்றைக்கே பேசினார்.

"எந்த வருஷம் சார்?"

சொன்னேன்.

"அந்த வருஷப் புத்தகம் தண்ணில நனைஞ்சு போச்சு. பிரிச்சாக் கிழியும்."

"பரவால்லங்க. இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க."

"பாக்காம எப்படி சார் இல்லைன்னு எழுதறது? தப்பாச்சே."

"அப்ப பாருங்க."

"பாக்கணும்னா பதிவு எண் வேணும்."

"பதிவே ஆகலைங்க. எண் எங்கேருந்து வரும்?"

"எண் இல்லாம எதுன்னு தேடறது?"

ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் நுழைந்து, "இன்னிக்கு வராதவங்கல்லாம் கையைத் தூக்குங்க" என்று ஒரே ஒரு நாள் நான் கேட்டிருந்தால், அன்று மாலையே எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இங்கே அதைக் கேட்பதற்கு நாற்காலி போட்டு, நாற்காலிக்கு மேலே மின்விசிறியும் போட்டு, மாதா மாதம் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வராது, உனக்குத் தெரியும். அன்று வந்தது. "தம்பி, நான் வருஷா வருஷம் பென்ஷன் ஆபீஸ்ல நேர்ல போய் நின்னு, உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போடறேன். அவங்களும் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, கொஞ்சம் வருத்தத்தோட ஒத்துக்கறாங்க. உயிரோட இருக்கறவன் பொறக்காம எப்படிப்பா இருப்பான்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சிரித்தார். கணக்குப் புரியாத பிள்ளையைப் பார்த்து நான் சிரிப்பேனே, அதே சிரிப்பு. "அது வேற செக்‌ஷன் சார். அங்க உயிரோட இருந்தாப் போதும். இங்க பொறந்திருக்கணும்."

நடையாய் நடந்தேன். ஒரு நாள் அவர் இருந்தார், முத்திரை இல்லை. இன்னொரு நாள் முத்திரை இருந்தது, மை இல்லை. மை வந்த அன்று அவருடைய மேலதிகாரி, நான் வராத ஆள் என்று நினைத்து என் காகிதத்தை அடியில் வைத்துவிட்டார். கடைசியில், எண் இல்லாமலே, கொடுத்தார்கள். வாங்கிப் படித்தேன். 'மேற்கண்ட நபர் பிறந்ததற்கான எந்தத் தடயமும் இவ்வலுவலகத்தில் காணப்படவில்லை' என்று எழுதியிருந்தது. தடயம்! நான் என்ன பூட்டிய வீட்டுக்குள்ளா புகுந்தேன்? வீட்டுக்கு வந்து காட்டினால் உன் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்துவிட்டு, "அப்ப இத்தன வருஷமா நான் யாருக்குங்க சமைச்சுப் போட்டேன்?" என்று கேட்டாள். அன்று இரவு எனக்குச் சோறு போட்டாள் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், நியாயம் வேண்டும் அல்லவா.

அடுத்தது சாட்சி. நான் பிறந்தபோது இருந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது ஒரே ஆள், உன் அத்தை. அடுத்த தெருவில்தான் இருக்கிறாள், எதிரில் தையல் மிஷின், கழுத்தில் டேப், வாயில் குண்டூசி. குண்டூசியோடு பேசினால் சாதாரணப் பேச்சு. எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் நாம் கதவுக்குப் பக்கமாக நகர்ந்துகொள்ள வேண்டும். அவள் எனக்கு ஐந்து வயது மூத்தவள். நான் பிறந்த அன்று அவளுடைய புதுக் கவுன் ஒன்றை யாரோ எதற்கோ வெட்டிவிட்டார்களாம். எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், அது கறிவேப்பிலைக்காக வந்த சண்டையாக இருந்தாலும், "உன்னாலதான்டா என் புதுக் கவுன் போச்சு" என்றுதான் ஆரம்பிப்பாள். நான், "ஆரம்பிச்சுட்டியா?" என்று எழுந்து வந்துவிடுவேன். இவளைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? நான் வந்து சேர்ந்ததை இத்தனை வருடம் மறக்காமல் திட்டிக்கொண்டிருக்கிற ஆள் அல்லவா?

இங்கேதான் மகளே, சிக்கல். மூத்தவள்தான். காகிதத்தில் இல்லை.

அவளும் நானும் முதல் வகுப்பில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவளுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது, அதனால்தான் அவ்வளவு நாள் வீட்டிலேயே இருந்தாள் என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். நான் ஐந்து வயதில் சேர்ந்தபோது அவளுக்குப் பத்து. பத்து வயதுப் பெண்ணை முதல் வகுப்பில் சேர்க்க விதி இடம் கொடுக்காது. அவளோ ஒல்லிக் குச்சி. தலைமையாசிரியர் யோசித்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே வயது என்று எழுதினால் இரட்டைப் பிள்ளைகளா என்று மேலிடத்தில் கேட்பார்கள். அவளை எனக்கு ஒரு வருடம் மூத்தவள் என்று எழுதினால் போன வருடமே ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள், வயது குறைந்தால் அந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை. ஆகவே அவளை எனக்குப் பதினொரு மாதம் இளையவள் என்று எழுதிவிட்டார். இயற்கைக்கும் பழுதில்லை, விதிக்கும் பழுதில்லை. நல்ல மனுஷன். ஒரு பேனாவால் என் அக்காவை என் தங்கையாக்கிவிட்டார். அந்தத் தேதிதான் அவளுடைய அடையாள அட்டை வரைக்கும் வந்திருக்கிறது. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைத்தெருவில் பை கனத்தால், "அண்ணா, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று என் கையில் மாட்டிவிட்டுக் கை வீசி நடப்பாள்.

வக்கீல் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி. அக்கா ஒவ்வொரு படியிலும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறினாள். வக்கீல் இளைஞர், மரியாதையானவர். அட்டையைப் பார்த்தார், என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"அம்மா, இதுப்படி பாத்தா உங்க தம்பி பொறந்து பதினோரு மாசம் கழிச்சுத்தான் நீங்க பொறக்கறீங்க."

"அட்டை பேசுதா, நான் பேசறேனா?"

"நீங்கதாம்மா பேசறீங்க. ஆனா சட்டம் அட்டையைத்தான் கேக்கும். சட்டப்படி இவர் உங்களுக்கு அண்ணன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அப்ப இத்தன நாளா நான் உன்ன வாடா போடான்னு கூப்பிட்டதுக்கு என்னடா தண்டனை?"

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழி சொன்னார். தன் உண்மையான வயது இது, பள்ளிக்கூடத்தில் குறைத்து எழுதிவிட்டார்கள், ஏன் குறைந்தது என்றால் இதனால் என்று அக்கா முதலில் ஒரு சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு எனக்கு அவள் சாட்சி சொல்லலாமாம். இவ்வளவுதானா என்று நான் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினேன். அக்கா பேனாவைப் பார்த்தாள். வாயில் இருந்த குண்டூசியை எடுத்தாள். வக்கீல் அலுவலகத்துக்கும் அதைக் கடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"ஒரே கையெழுத்துல நான் கிழவியும் ஆகணும், இவன் ஊரைவிட்டும் போயிடணும். நல்லாருக்குடா உன் கணக்கு. இதைத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தியா?"

எழுந்து போய்விட்டாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

மூன்று நாளாகக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நான் தட்டத் தட்ட வேகமாக ஓடுகிறது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டால், "கடை லீவு" என்கிறாள். யாருக்கு என்ன தைக்கிறாளோ தெரியவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மற்ற எல்லார் மேலும் இருக்கிறது. என்னைச் சுற்றி இருக்கிற எல்லாரும் நான் இருப்பதை ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் வாடகைக்கு ஒப்புக்கொள்கிறார். மின்வாரியம் பில்லுக்கு ஒப்புக்கொள்கிறது. கொசு கூட ஒப்புக்கொள்கிறது. ஆனால் இத்தனை பேருக்கும் முன்னால் நடமாடுகிற ஒருவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டால் எல்லாரும் கையை விரிக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய மனிதன் ஒருவன், தலையில் நரை, முழங்காலில் வலி, வாயில் பாதிப் பல்லோடு கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டு, "ஐயா, நான் பிறந்தேன், தயவு செய்து நம்புங்கள்" என்று கெஞ்சுவதா? மாட்டேன். அப்படி நிரூபித்துத்தான் உன் வீட்டு நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால் எனக்கு அந்த நாற்காலி வேண்டாம்.

ஆகவே என் முடிவைத் தெளிவாக எழுதுகிறேன். நான் வரவில்லை. உன் அம்மாவை மட்டும் அழைத்துக்கொள். அவள் டாக்டர் முன்னால் பிறந்தவள், ஒரு சிக்கலும் வராது. குடியேற்ற அலுவலகத்தில் கேட்டால், அப்பா இன்னும் பிறக்கவில்லை, பிறந்ததும் தெரிவிக்கிறோம் என்று சொல்லிவிடு. இந்த முடிவில் மாற்றம் கிடையாது. மாப்பிள்ளையைப் பேசச் சொல்லி அனுப்பாதே.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், எந்தக் கவுன்ட்டரிலும் நிற்காமல், நீண்ட காலம் நல்லபடியாக வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. குளிர் ஏறுகிறது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
பிறந்ததற்குத் தடயம் இல்லாத
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். முந்தாநாள் கடிதத்தை உறையில் போட்டுவிட்டுப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். கையில் ஒரு பொட்டலம். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, "கிளம்புடா, வக்கீல் சாப்பிடப் போயிடுவாரு" என்றாள். மறுபடியும் அந்த மாடிப்படி. இந்த முறை அவள் திட்டவில்லை, எனக்குத்தான் பயமாக இருந்தது. உட்கார்ந்தாள், குண்டூசியை எடுத்து மேஜையில் வைத்தாள், "எழுதிக்குங்க" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்குப் பள்ளிக்கூடம் திறந்த நாள். எனக்கு முதல் நாள். எங்கம்மா கையால தச்ச கவுன். நீலத்துல வெள்ளைப் புள்ளி, கழுத்துல ரெண்டு பட்டன். போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். அம்மா என் தலையை வாரிக்கிட்டே இருந்தவங்க, சுவரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தாங்க. இவன் வந்துட்டான். சுத்தறதுக்குச் சுத்தமான துணி இல்ல. வீட்டுல இருந்த ஒரே புதுத் துணி என் மேலதான் இருந்துது. கழட்டிக் குடுன்னாங்க. குடுத்தேன். கத்திரிய வெச்சு ரெண்டா வெட்டி இவனைச் சுத்துனாங்க. நான் ஷிம்மியோட நின்னுக்கிட்டிருந்தேன். அப்புறம் எங்க பள்ளிக்கூடம்? அம்மா வேலைக்குப் போனாங்க, இவனை நான் பாத்துக்கிட்டேன். இவன் பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் போகல. இவன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன். அதான் எனக்கு வயசு கொறஞ்சுது. போதுமா?"

தட்டச்சு செய்கிற பெண் கையை எடுத்துவிட்டாள். வக்கீல் என் பாஸ்போர்ட்டை இழுத்து மறுபடியும் பார்த்தார். என் பாஸ்போர்ட் தேதியும் பள்ளிக்கூடம் திறந்த தேதியும் ஒன்றுதானாம். நான் பிறந்ததால் அவள் வயது குறைந்தது. அவள் வயது குறைந்ததே நான் பிறந்ததற்கு ஆதாரம். இனி எந்த அலுவலகமும் இதைத் தள்ள முடியாது என்றார். பத்திரத்தில் 'மேற்படி நீல நிறக் கவுன்' என்று இருக்கிறது. அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே நிறுத்தியவன் நான்தான். பள்ளிக்கூடம் பிடிக்காமல் வீட்டில் இருந்தவளாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான். "இவன் திரும்பி வர்றதுக்கும் ஒரு கையெழுத்து வேணும்னா இப்பவே சொல்லுங்க, போட்டுடறேன்." படி இறங்கும்போது பையை என்னிடம் கொடுத்தாள். இப்போது நீ சட்டப்படி அக்கா ஆயிற்றே என்றேன். "வயசான அக்காவ பை தூக்க வைப்பியாடா?" என்றாள். பொட்டலத்தில் எனக்குக் குளிருக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு இருந்தது. மூன்று நாள் மிஷின் ஓடியது அதற்குத்தான். நீலத் துணி, கழுத்தில் இரண்டு பட்டன்.

இன்னொன்று. வக்கீல் உன் அம்மாவின் ஆஸ்பத்திரிச் சான்றிதழையும் ஒரு முறை பார்த்தார். அதில் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பெண் குழந்தை என்று உன் பெரிய மாமா சத்தியம் செய்ய வேண்டுமாம். அவர் செய்துவிடுவார், அவர் வழுக்கைக்கு யாரும் அட்டை கேட்க மாட்டார்கள். உன் அம்மா இரண்டு நாளாக அதிகம் பேசுவதில்லை. இரண்டு பேரும் வருகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்ய வேண்டாம். அத்தைக்குச் செய். இரண்டாம் வகுப்பில் நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி, கேட்ட ஆள்தான் தப்பு. அவளிடம் கேட்டுப் பார்: "அத்தை, அப்பா பொறந்தத நீங்க பாத்தீங்களா?" கேட்டுவிட்டு, அவள் முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் இரு.